பதினான்காம் கட்டிலின் மருந்துப் பை

2017 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஜொகூரில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலைநாள். காலை 6.10க்கு வார்டுக்குள் நுழைந்தேன். மருந்துக் குளிர்பெட்டி நான்கு டிகிரி, குறித்துக் கையெழுத்திட்டேன். அவசர சிகிச்சை வண்டியின் முத்திரை உடையாமல் இருந்தது, அதையும் குறித்தேன். இருபத்தெட்டுக் கட்டில்களில் இருபத்துமூன்றில் ஆள் இருந்தார்கள். 6.50க்கு இரவுப் பணியாளர்களிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டேன். 7.30க்கு இரண்டு பிஸ்கட், ஒரு கோப்பை தேநீர். அன்றைய நாட்குறிப்பின் முதல் ஆறு வரிகள் இவ்வளவுதான்.

நான் ஓய்வுபெற்ற அன்று, இளம் தாதியரான உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "சிஸ்டர், உங்க ஃபைல்ல மட்டும் ஆடிட்டுல எப்படி ஒரு தப்பும் வராது?" அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன். என் பணிக்காலத்தில் மிகச் சுத்தமாக எழுதப்பட்ட கோப்பு, அன்று காலை 9.40க்குப் பதினான்காம் கட்டிலுக்கு வந்தவருடையது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கூசுகிறது.

அவர் பெயர் தனபாலன் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பத்தாறு வயது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்தை இருபத்தாறு வருடங்களாக ஓட்டியவர். தூக்கம் வராமலிருக்க வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம். இடப்பக்கக் கீழ்த்தாடை ஈறில் புற்றுநோய். மறுநாள் காலை முதல் அறுவைச் சிகிச்சை அவருடையது. நோய் பிடித்த தாடை எலும்பை வெட்டி எடுத்து, காலிலிருந்து எடுத்த எலும்பை அந்த இடத்தில் பொருத்துவது திட்டம்.

படிவத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நான் பெயர் கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"மிஸி, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இது முடிஞ்சா ரொட்டி சானாய் மெல்ல முடியுமா?"

"அத டாக்டர்கிட்ட கேளுங்கண்ணே."

"கேட்டாச்சி. ஆறு மாசம் பொறுங்கன்னாரு. ஆறு மாசம்தானே? மூணு ஷிப்டுல ஏறுனவங்க அத்தன பேரையும் பொறுத்தவன் நானு."

"அலமாக், நாளைக்கி வாய அறுக்கப் போறாங்க, இன்னைக்கும் இவரு வாய் ஓயல" என்றார் அவர் மனைவி இந்திராணி. மடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மருந்து ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று கேட்டேன். தனபாலன் பர்ஸிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். செடெனாக் பக்கத்துத் தோட்டமொன்றின் மருந்தகத்தில், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ட்ரெஸர் எழுதிக் கொடுத்தது. தோட்டத்து மக்களுக்கு அந்தக் காலத்தில் ட்ரெஸர்தான் டாக்டர். அவர் எழுதியதே தீர்ப்பு. பழுப்பேறிய காகிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். பென்சிலின் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தது.

"ஊசி போட்டதும் மயங்கி விழுந்துட்டேனாம். எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லும், இந்த அட்டைய தொலைச்சா நீயும் தொலைஞ்சன்னு."

எனக்கு அந்த அட்டையைப் பார்த்ததும் மகிழ்ச்சியாகவே இருந்தது. நாற்பத்தேழு வருடம் ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த மனிதர் என் ஜாதி என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். கோப்பின் மேலட்டையில் ஒன்று, மருந்துத் தாளில் ஒன்று, மணிக்கட்டுப் பட்டையில் ஒன்று: பென்சிலின் ஒவ்வாமை, மயக்கம். மூன்று இடத்திலும் ஒரே எழுத்து, ஒரே வாசகம்.

எழுதி முடித்து நான் திரும்பியபோது இந்திராணி பையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"மிஸி, இவரு சாப்ட்ட மருந்தெல்லாம் கொண்டாரச் சொல்லி கடுதாசில போட்டிருந்துச்சி. ஒருவாட்டி பாத்துருங்களேன்."

"பழைய மருந்தெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்கக்கா. இங்க நாங்க குடுக்குறது மட்டுந்தான்."

"இல்ல மிஸி, கடுதாசில—"

"அப்புறம் பாக்கலாங்கா."

பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். கடிதம் அனுப்பியது எங்கள் மருத்துவமனை. கொண்டுவரச் சொன்னதும் நாங்கள்தான். ஆனால் என் கையிலிருந்த படிவத்தில் அந்தப் பைக்கு ஒரு கட்டம் இல்லை.

வாய்ப் புற்றுநோய் அறுவையில் முன்தடுப்பு ஆன்டிபயாட்டிக் ஏன் அவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குப் பாடமாகச் சொல்லியிருப்பார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய் எச்சிலும் கிருமிகளும் நிறைந்த இடம். அதை வெட்டிக் கழுத்தோடு திறக்கும்போது அந்த எச்சில், சுத்தமாக இருந்த கழுத்துக்குள் இறங்குகிறது. அதனால் கத்தி படுவதற்கு முன்பே மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். அறுவை நீண்டால் நடுவில் மீண்டும் கொடுக்க வேண்டும். ஒரு நாளோடு நிறுத்திவிட வேண்டும். இந்த வேலைக்கு முதலில் கைக்கு வருவது பென்சிலின் குடும்பத்து மருந்துகளும் அவற்றின் உறவுகளும். ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் டாக்டர் மாற்று மருந்துக்குப் போவார். மாற்று மருந்தைத் தனியாகப் போட்டால் வாய்க் கிருமிகளில் ஒரு பகுதியை அது தொடாது. ஆகவே சிவப்புப் பேனாவால் எழுதும் ஒரு வரி நோயாளியைக் காக்கவும் செய்யும்; அவருக்கு உரிய காவலைப் பறிக்கவும் செய்யும். அன்று எனக்கு இதில் முதல் பாதி மட்டும்தான் தெரிந்திருந்தது.

பிற்பகல் 3.15க்கு மருந்தாளுநர் வந்தார். பாலோவிலிருந்து வந்த பெண், பயிற்சிக் காலம்கூட முடியவில்லை. என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். பதினான்காம் கட்டிலின் மருந்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் நின்றார்.

"சிஸ்டர், பென்சிலின் போட்டா இவருக்கு என்னா ஆச்சாம்?"

"மயக்கம்னு எழுதியிருக்கேன்ல."

"எழுதியிருக்கீங்க. தடிப்பு வந்துச்சா, மூச்சு முட்டுச்சா, இல்ல சும்மா மயக்கமா? அதுக்கப்புறம் எப்பவாச்சும் சாப்ட்டாரா?"

"அம்பது வருசத்து அட்டை லா. அதுக்கு மேல என்ன வேணும்?"

"அம்பது வருசம்ங்கறதுனாலதான் கேக்குறேன் சிஸ்டர். மாத்து மருந்து மட்டும் போட்டா இந்த ஆபரேஷனுக்குப் பத்தாது. நான் போயி அவங்ககிட்ட பேசட்டா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரத்த வங்கிக்கு இன்னும் போன் செய்யவில்லை. மயக்க மருந்து டாக்டர் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில் இந்தப் பெண் குறுக்கே நிற்பதாகத்தான் தோன்றியது.

"நாளைக்கி முதல் கேஸும்மா. டாக்டர் மருந்து எழுதிட்டாரு. நீ இப்ப போயி அவங்கள கொழப்பாத."

அவர் முகம் சிவந்தது. தாளை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். என் மேசையிலிருந்து பதினான்காம் கட்டிலுக்குப் பன்னிரண்டு தப்படி. பின்னாளில் நடந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். இந்திராணி அந்த நேரத்தில் கணவரின் கைலியை மடித்துக்கொண்டிருந்தார். பை நாற்காலியின் காலருகே இருந்தது.

திங்கட்கிழமை அறுவை பதினொரு மணி நேரம் நடந்தது. மாற்று மருந்து கத்தி படுவதற்கு முன்பு போடப்பட்டது. நடுவில் உரிய நேரத்தில் மீண்டும் போடப்பட்டது. தாளில் ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை. மூன்றாம் நாள் தனபாலன் வார்டுக்குத் திரும்பினார். கழுத்தில் சுவாசக் குழாய் இருந்ததால் பேச முடியாது. ஒரு சிறிய வெள்ளைப் பலகை கொடுத்திருந்தோம். முதலில் எழுதியது: "பஸ்ஸுக்கு இன்ஜின் மாத்தியாச்சா?"

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை. கட்டு மாற்ற முகக்கவசத்தோடு குனிந்தேன். வாடை வந்தது. நீங்களும் ஒருநாள் அதை அறிவீர்கள். அறிந்த பிறகு மறக்க மாட்டீர்கள். தாடைக்குக் கீழே தோல் சிவந்து பளபளத்தது. வடிகுழாயில் வந்தது இரத்த நீர் அல்ல, கலங்கிய எச்சில். அவர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கவசம் போட்டிருந்தாலும் நோயாளிகள் நம் கண்களைப் படித்துவிடுவார்கள். பலகையை எடுத்து எழுதினார்: "நாறுதா?"

"கொஞ்சங்கண்ணே. டாக்டர கூப்பிடுறேன்."

மறுநாள் டாக்டர் கூடுதல் வலுவுள்ள மருந்து வேண்டும் என்றார். அவர் நினைத்தது பென்சிலின் குடும்பத்து மருந்து. "அலர்ஜி உண்மைதானா?" என்று கேட்டு அந்த மருந்தாளுநரை வரவழைத்தார். அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் இந்திராணியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம். நான் பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அவரு சின்னப் புள்ளையா இருந்தப்ப மயங்குனத யாராச்சும் பாத்தாங்களா?"

"அவரு அக்கா பாத்துச்சி. காலையில ஒண்ணும் திங்காம ஸ்கூல்ல வரிசையா நிக்க வச்சி ஊசி போட்டாங்களாம். இவரு மட்டும் இல்ல, கூட நின்ன இன்னும் ரெண்டு பசங்களும் விழுந்தானுங்களாம். ட்ரெஸர் மூணு பேருக்கும் அட்டை எழுதிக் குடுத்தாராம்."

"தடிப்பு, வீக்கம்?"

"அதெல்லாம் இல்ல. மைலோ கலக்கிக் குடுத்தோன்ன எழுந்துட்டாரு."

"அதுக்கப்புறம் பென்சிலின் மாதிரி ஏதாச்சும்?"

"அது தெரியாதும்மா. போன வருசம் பல்லு வீங்குச்சின்னு கூலாய் கிளினிக்ல ஏதோ குடுத்தாங்க. அஞ்சு நாள் சாப்ட்டாரு. மிச்சம் இதுல இருக்கு பாரு."

சிவப்புப் பை திறந்தது. கிளினிக்குகளில் மருந்து போட்டுக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் உறை. உள்ளே இரண்டு கேப்சூல் மாத்திரைகள், வெளியே கையெழுத்தில் மருந்தின் பெயர்: அமோக்சிசிலின். பென்சிலின் குடும்பத்தின் மிகச் சாதாரணமான பிள்ளை. ஐந்து நாள் சாப்பிட்டு, ஒன்றும் ஆகாமல், தன் பேருந்தையும் ஓட்டியிருக்கிறார். அது பென்சிலினின் உறவு என்று கணவனுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. தெரிந்த நான் பார்க்கவில்லை.

இருந்தாலும் டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் சிறிய அளவு. பக்கத்தில் அவசர வண்டி. அட்ரினலின் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு நான் நின்றேன். இரத்த அழுத்தம், நாடி, மூச்சு, தோல்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒரு தடிப்பு வராதா என்று நினைத்தேன். கையில் ஒரே ஒரு தடிப்பு வந்தால் போதும், நான் எழுதியது சரியாகிவிடும். படுக்கையில் சீழ் பிடித்துக் கிடக்கும் மனிதரின் தோலைப் பார்த்துக்கொண்டு என் எழுத்துக்காக அப்படி ஆசைப்பட்டேன். ஒரு கணம்தான். ஆனால் நினைத்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து முழு அளவும் போடப்பட்டது. அதற்கும் ஒன்றுமில்லை.

காலம் கடந்திருந்தது. இருபத்திரண்டாம் தேதி மீண்டும் அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். புதிய எலும்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் இணைப்பைச் சீழ் அடைத்துவிட்டது. வைத்த எலும்பு செத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். தாடையின் ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்கியது. வார்டுக்கு வந்த மறுநாள் பலகையில் எழுதினார்: "ரொட்டி சானாய் கேன்சலா?" இந்திராணி அந்தப் பலகையை வாங்கித் தன் சேலை முந்தானையால் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இருபத்தொன்பதாம் தேதி பிற்பகலில் துறைக் கூட்டம். தோல்வியுற்ற சிகிச்சைகளை எல்லோரும் உட்கார்ந்து அலசும் கூட்டம். தனபாலனின் கோப்பு திரையில் வந்தது. மருந்து போட்ட நேரம், திரும்பப் போட்ட நேரம், நிறுத்திய நேரம் எல்லாம் சரி. ஒவ்வாமை மூன்று இடத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மூத்த டாக்டர் எல்லோர் முன்பும் சொன்னார்: "பதிவுன்னா இப்படி இருக்கணும். புதுசா வர்றவங்களுக்கு இத மாதிரியா காட்டுங்க." சிலர் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அந்த மருந்தாளுநர் பின்வரிசையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நடந்ததை அவர் எழுந்து சொல்லியிருக்கலாம். குனிந்து தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தின் குறிப்பில் காரணம் என்ற இடத்தில், நோயாளியின் பழைய ஒவ்வாமை வரலாறு என்று மட்டும் எழுதப்பட்டது.

உங்களில் சிலர் என்னைச் சமாதானப்படுத்துவீர்கள் என்று தெரியும். சரியான மருந்தைப் போட்டிருந்தாலும் புண் பழுத்திருக்கலாம். புகையிலை போட்ட வாய், பதினொரு மணி நேர அறுவை. உண்மைதான். பழுத்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. பழுத்திருக்கும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு ஒன்று என் மேசையில் நின்றுபோனது; எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் நான் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தேன். வாய் அறுவை முடிந்து வந்த ஒவ்வொருவருக்கும் ஆன்டிபயாட்டிக்கை ஒரு நாளோடு நிறுத்தவிடாமல், இன்னும் சில நாள் போடலாமே என்று இளம் டாக்டர்களை நச்சரித்தேன். ஒரு பாட்டிக்கு அப்படி ஏழு நாள் போனது. இரண்டு வாரம் வயிற்றுப்போக்கில் துவண்டுபோனார். அதே மருந்தாளுநர்தான் வந்து சொன்னார்: "இது புண்ணுக்குக் குடுக்குற மருந்து இல்ல சிஸ்டர். உங்க பயத்துக்குக் குடுக்குறது." அந்த முறை மருந்தை நிறுத்தச் சொல்லி டாக்டரை நானே கூப்பிட்டேன்.

அட்டையை நம்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ட்ரெஸர் தன்னிடமிருந்த அறிவுக்கு நல்லதைத்தான் செய்தார். தோட்டத்தில் ஒரு பிள்ளை ஊசியில் செத்துவிடக் கூடாது என்று எழுதினார். உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களும் வருவார்கள்; அவர்களுக்குச் சிவப்புப் பேனாதான் உயிர். நீங்களாகவே எதையும் அடித்துவிடவும் கூடாது. என்ன ஆனது, எப்போது ஆனது, அதற்குப் பிறகு சாப்பிட்டாரா என்று கேட்டு, பதிலை டாக்டரிடமும் மருந்தாளுநரிடமும் கொண்டுபோங்கள். நான் ஒரு பெயரை எழுதினேன். அவருக்கு நடந்ததைக் கேட்கவில்லை. எழுத்து அழகாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

தனபாலன் இன்னும் ஒரு வருடம் ஒன்பது மாதம் வாழ்ந்தார். புண் ஆறத் தாமதமானதால் கதிர்வீச்சு தள்ளிப்போனது. நோய் கழுத்தில் திரும்பி வந்தது. கடைசிவரை வயிற்றுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஒருமுறை மறுபரிசோதனைக்கு வந்தபோது, உணவகத்தில் ரொட்டி சானாய் வாங்கி மோந்து பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்ததாக எழுதிக் காட்டினார்.

கூட்டம் நடந்த அன்று நாட்குறிப்பில் நான் எழுதியது இரண்டே வரி. "கோப்பைப் பாராட்டினார்கள். நான் பேசவில்லை." அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது. நான் பக்கத்தைக் காலியாக விடுகிறவள் அல்ல.

மறுநாள், மார்ச் 30. காலை 6.10. குளிர்பெட்டியைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை. பதினான்காம் கட்டிலுக்குப் போனேன். தனபாலன் தூங்கிக்கொண்டிருந்தார். இந்திராணி நாற்காலியில் விழித்தபடி இருந்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க வந்த அன்னைக்கி அந்தப் பைய பாக்கச் சொன்னீங்க. நான் பாத்திருக்கணும். பாத்திருந்தா வேற மருந்து போட்டிருப்பாங்க. அந்தப் பொண்ணு வந்து கேட்டப்பவும் நான்தான் தடுத்துட்டேன்."

அவர், கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"பாத்திருந்தா எலும்பு நின்னிருக்குமா மிஸி?"

"தெரியலக்கா. நின்னிருக்கலாம்."

"நீங்க பிஸியா இருந்தீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "நானும் இன்னொருவாட்டி சொல்லியிருக்கணும்."

"இல்லக்கா. ஒருவாட்டி சொன்னீங்க. அது போதும்."

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நாற்காலியின் காலருகே கையை விட்டுச் சிவப்புப் பையை எடுத்து என் கையில் வைத்தார். "வீட்டுக்குப் போறப்ப இதுல எது வேணும், எது வேணாம்னு எனக்குத் தெரியல."

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பையைக் கட்டிலின் ஓரத்தில் கவிழ்த்தேன். பதினேழு உறைகள். ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை வாய்விட்டுப் படித்து, இது எதற்குக் கொடுத்தார்கள், சாப்பிட்டபோது அவருக்கு என்ன ஆனது என்று கேட்டேன்.